குடியை விடத் தொலைபேசி உதவுமா?

குடிக்கும் ஒருவரை முதல் தடவை உளநலக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வது அத்தனை கடினமன்று. வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்த மறுநாள், அல்லது சைக்கிளோடு விழுந்து எழும்பிய மறுநாள், அவரே வரச் சம்மதிப்பார். இரண்டாம், மூன்றாம் தடவை செல்வதே கடினம். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். ஒரு நாள் கூலி போகும். வரிசையில் நிற்கும்போது ஊரவர் யாரேனும் கண்டுவிடுவர். மருந்து முடிந்து, கிளினிக் நாளும் தவறி, அடுத்த மாதம் பார்ப்போம் என்றிருக்கையில் பழைய கூட்டாளி படலையில் வந்து நிற்பார். எமது குடும்பங்கள் பலவற்றில் சிகிச்சை அறுந்து போவது இந்த இடத்தில்தான்.

மதுவினால் ஏற்பட்ட உடல் நடுக்கம் தணிய ஒரு வாரம், பத்து நாள் போதும். மனம் பழகுவதற்கோ மாதங்கள் செல்லும். தொலைபேசி மூலமும் காணொளி அழைப்பு மூலமும் தரப்படும் சிகிச்சை பயன்படுவது அந்த மாதங்களிலேயாகும்.

இது எங்கோ தொலைவிலுள்ள பணக்கார நாடுகளின் ஏற்பாடு என்று எண்ணவேண்டாம். 2010 இல் சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்னும் உளநல நிறுவனம் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ் வண்டியை அனுப்பத் தொடங்கியது. வண்டிக்குள் ஒரு சிறிய அறை, ஒரு திரை, மருந்து கொடுக்கும் இடம். நோயாளி பஸ்ஸுக்குள் இருந்தபடி தொலைவிலுள்ள உளநல வைத்தியருடன் திரையிற் கதைப்பார். எழுதிய மருந்தை அங்கேயே பெற்றுக்கொள்வார். அந்த வண்டி முக்கியமாகக் கடும் உளநோயாளருக்கென ஏற்பட்டது. ஆயினும் வைத்தியர் ஊருக்கு வராமலே வைத்தியம் வரலாம் என்பதை அது காட்டியது.

குடியைப் பற்றிய சான்று இந்தியாவின் கோவா மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அங்கு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வொன்று 2017 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. உளநலத் துறையிற் பட்டம் எதுவும் பெறாத சாதாரண மக்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றினர். அவர்கள் குடிப்பவருடன் கூடியது 4 தடவைகள் அமர்ந்து பேசினர். 3 மாதங்களின் பின்னர், இவ்வாறு பேசப்பட்டவர்களில் 100 க்கு 36 பேரின் குடி தீங்கான நிலையிலிருந்து இறங்கியிருந்தது. வழமையான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 100 க்கு 26 பேர். கடுமையாக அடிமைப்பட்டவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பேச்சும் நேரிலேயே நடந்தது. ஆனால் அப்படி என்னதான் பேசினார்கள் என்று பார்த்தால், அதிற் பெரும்பங்கைத் தொலைபேசியிலும் பேசலாம் என்பது விளங்கும்.

பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் "குடிக்காதீர்கள்" என்று புத்தி சொல்வதில்லை. அதை வீட்டில் எல்லோரும் சொல்லிக் களைத்துவிட்டனர். அவர் கேட்கும் கேள்விகள் வேறு. முதல் மிடறு எத்தனை மணிக்கு? யாருடன்? அன்று கையிற் காசு வந்ததா? தோட்டம் இருந்த காலத்தில் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கடைசிக் கேள்வி எம்மவருக்கு முக்கியமானது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய செம்மண் விவசாயி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விடிய இறைப்பு, பின் களை பிடுங்கல், பொழுதுபட வெங்காயப் பாத்தியை ஒரு சுற்றுப் பார்த்தல் என்று அவருடைய நாளைத் தோட்டமே வகுத்துக் கொடுத்தது. நிலம் கைவிட்டுப் போனதும் காலை 10 மணியிலிருந்தே பொழுது வெறுமையாயிற்று. தவறணை அந்த வெறுமைக்குள்ளேதான் திறந்திருந்தது.

ஆகவே அழைப்பிற் பேசப்படுபவை பெரும்பாலும் சிறிய விடயங்களே. மாலை 5 மணிக்கு எங்கே இருப்பது, கூலியை யார் கையிற் கொடுப்பது, செத்த வீட்டிற் போத்தலை நீட்டுபவருக்கு என்ன பதில் சொல்வது. அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகவும் வைப்பர். இடையில் தவறிக் குடித்துவிட்டால் மறுநாள் அழைப்பில் அதைச் சொல்லிவிடலாம். கிளினிக் என்றால் வெட்கத்தில் போகாமலே விட்டுவிடுவார்.

தொலைபேசிக்கு அப்பாற்பட்டவை

இங்கே ஓர் எச்சரிக்கை. கசிப்பின் காரம் வடிப்புக்கு வடிப்பு மாறும்; எனவே எத்தனை கிளாஸ் என்ற கணக்கு அதிகம் உதவாது. காலையிற் கை நடுங்குகிறதா, ஒரு மிடறு உள்ளே போனதும் அந்த நடுக்கம் நிற்கிறதா என்று கேளுங்கள். ஆம் எனில், அவர் வீட்டில் வைத்து ஒரே நாளிற் குடியை நிறுத்தக்கூடாது. முதலில் வைத்தியரைக் காணவேண்டும். கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் காய்ச்சல், தடுமாற்றம், இல்லாததைக் காணுதல், பிதற்றல் ஆகியன தோன்றலாம். இதைப் பேய்க்குணம் என்று எண்ணி அறையிற் பூட்டிவைத்து, கட்டிப்போட்டு, உயிரை இழந்துவிடக்கூடாது. இது வைத்தியசாலையில் மருந்தாலும், வைட்டமின் பி1 ஊசியாலும், நீரேற்றுவதாலும் தணிக்கக்கூடிய நிலை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகக் கேரளத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது அடிமைப்பட்டிருந்தவர்கள் திடீரென மதுவின்றித் தவித்தனர். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் செய்திகள் வந்தன. வைத்தியரின் சீட்டுக்கு மது கொடுக்கலாம் என்று மாநில அரசு உத்தரவிட்டது. வைத்தியர்கள் எதிர்த்தனர், ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. வைத்தியர் சங்கத்தின் பக்கமே நியாயம் என்பது எமது எண்ணம். ஆயினும் கடையைப் பூட்டுவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்பதை அந்த நாட்கள் எல்லோருக்கும் உணர்த்தின.

இன்னொன்றையும் மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. சோற்றிலோ தேநீரிலோ அவருக்குத் தெரியாமற் கலந்து கொடுக்கும் "குடி நிறுத்தும் குளிசை" பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டைசல்பிராம் என்னும் குளிசை வைத்தியர் எழுதும் நல்ல மருந்துதான். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கும். அது தெரிந்திருந்தால் அவர் குடிக்கமாட்டார். மருந்தின் பயனே அதுதான். தெரியாமற் கொடுத்தால் வழமைபோலக் குடிப்பார், உயிருக்கே ஆபத்தாகலாம். தெரியவரும் நாளில் உங்கள் கையாற் சோறு உண்ணவும் மறுப்பார்.

வீட்டில் என்ன ஏற்பாடு?

தகரத்தால் அடைத்த வீட்டில் ஒருவர் கதைப்பது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். பிள்ளைகளின் முன்னே அவரால் மனந்திறக்க முடியாது. எனவே அழைப்பு வரும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, தொலைபேசியை மின்னேற்றி, வயல் வரம்புக்கோ கோயில் மரத்தடிக்கோ அவர் தனியே போக வழிவிடுங்கள். தொலைபேசியிற் கை நடுங்குவதும் கண் மஞ்சளாவதும் தெரியாது. காணொளி அழைப்பு என்றால் இரு கைகளையும் நீட்டிக் காட்டச் சொல்லி வைத்தியர் கேட்பார். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனைக்கு ஆதார வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

பூச்சிநாசினிப் போத்தல்களை வீட்டில் வைத்திருக்கவேண்டாம். 2008 இற்கும் 2011 இற்கும் இடையில் பரகுவாட் போன்ற கடும் நஞ்சுகள் இலங்கையிற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன் பின் நஞ்சருந்தி இறப்போர் தொகை குறைந்தது. ஆயினும் கடையில் விற்கும் மற்றவையும் நஞ்சே. வெறியிலும், வெறி தெளிந்த விடியற்காலையிலும் கை அங்கேதான் போகும். அவர் சாவதைப் பற்றிக் கதைத்தால் தனியே விடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழிற் கதைக்கலாம். குடிப்பவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனைவியோ மகளோ முதலில் அழைக்கலாம். அழைக்குமுன் மூன்று விடயங்களை ஒரு துண்டிற் குறித்து வையுங்கள்: காலையிற் கை நடுங்குகிறதா, முன்னர் எப்போதாவது வலிப்பு வந்ததா, இப்போது என்னென்ன மருந்து எடுக்கிறார்.