அளக்கும் கருவி ஆணையிடும் முறை

நோய்த் தடுப்பு மருந்துகளைச் சேமித்து வைக்கும் குளிரறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அம்மருந்துகளிற் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பநிலையிலேயே வைத்திருத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அவற்றின் வீரியம் குன்றும். சில மருந்துகள் உறைந்து போனாலும் பயனற்றுவிடும். அறையிலுள்ள கருவி வெப்பநிலையைக் காட்டுவதோடு நின்றுவிட்டால், அதனைப் பார்த்து ஆவன செய்வதற்கு ஒருவர் இரவும் பகலும் விழித்திருக்க நேரும். ஆகவேதான் அளப்பதோடு ஆணையிடவும் கருவியைப் பழக்குகிறார்கள்.

இத்தகைய கருவிகளில் இலக்கமுறை வெளியீடு என்னும் முனைகள் உள்ளன. அவை அறிந்த சொற்கள் இரண்டே. முனையில் 5 வோல்ட் அழுத்தம் இருப்பின் 'உண்டு' என்று பொருள். அழுத்தம் நீங்கின் 'இல்லை' என்று பொருள். 6 டிகிரியில் குளிர்விக்கும் இயந்திரத்தை ஓட்டுக, 4 டிகிரியில் நிறுத்துக என்று வகுத்துவிடலாம். இரண்டிற்கும் ஒரே எல்லையை வைத்தால் இயந்திரம் அடிக்கடி ஓடியும் நின்றும் பழுதுபடும்.

ஆனால் ஆணையிடுவோர் வேறு, அதனை நிறைவேற்றுவோர் வேறு. பரவலாக வழங்கும் ஏடிமெகா 328பி என்னும் சில்லில் ஒரு முனை தாங்கும் மின்னோட்டத்தின் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர்தான். சிறிய 5 வோல்ட் ரிலே ஒன்றின் கம்பிச் சுருளுக்கோ ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் தேவை. எனவே முனை ஒரு டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. டிரான்சிஸ்டர் சுருளுக்கு மின்சாரம் விடுகிறது. சுருள் காந்தமாகி, 230 வோல்ட் இணைப்பை மூடுகிறது. பெரிய இயந்திரமாயின் இடையில் மேலும் வலிய இணைப்பான் ஒன்று வேண்டும். சுருளில் மின்சாரம் நிற்கும் கணத்தில் எழும் உயர் அழுத்தம் டிரான்சிஸ்டரை அழித்துவிடாதபடி, சுருளின் குறுக்கே ஒரு டயோடு காவல் நிற்கிறது.

இனி, அபாய மணியைக் கவனிப்போம். 'உண்டு' என்றால் மணி ஒலிக்குமாறு அமைப்பது இயல்பாகத் தோன்றலாம். ஆயினும் கம்பி அறுந்தாலோ கருவிக்கு மின்சாரம் நின்றாலோ அந்த மணி ஊமையாகிவிடும். மருந்து கெடுவதை எவரும் அறியார். ஆகவே முறையை மாற்ற வேண்டும். எல்லாம் நலமாயுள்ள வரையில் 'உண்டு' என்னும் சொல் ரிலேயைப் பிடித்திருக்கட்டும். அப்பிடி தளர்ந்ததும் தனி மின்கலத்தால் மணி ஒலிக்கட்டும்.

இக்கருத்து பழமையானது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-இல் உரிமம் பெற்ற இருப்புப்பாதை மின்சுற்றும் இத்தகையதே. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ரிலேயைப் பிடித்திருக்கும். ரயில் அவ்விடம் வந்தாலும், கம்பி அறுந்தாலும் ரிலே விழுந்து அபாய சமிக்ஞை தோன்றும்.

இதிலும் ஒரு குறை உண்டு. முனை பழுதாகி 'உண்டு' என்னும் நிலையிலேயே நின்றுவிடக்கூடும். ஆதலால் குறித்த நாட்களில் மணியைச் சோதித்தலும், தனி வெப்பமானி ஒன்றை அறையில் வைத்து நாள்தோறும் பார்த்தலும் இன்றியமையாதன.