கால்களால் தொழுத யூத குரு

வெண்தாடி, கலைந்த தலைமுடி, கழுத்தில் ஒரு பூமாலை. 1965 மார்ச் 21ஆம் நாள், அமெரிக்காவின் செல்மா நகரில் எடுத்த புகைப்படத்தின் முன்வரிசையில், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒருவர் தள்ளி இப்பெரியவரைக் காணலாம்.

மாலையைக் கண்டு ஏதோ திருவிழா என்று எண்ணிவிடாதீர்கள், வாசகர்களே! ஊர்வலத்தாருக்கு ஹவாயிலிருந்து வந்த அன்பளிப்பு அது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான், வாக்குரிமை கேட்டு அதே ஊரில் நடந்த கறுப்பின மக்களைக் காவலர்கள் தடியால் அடித்து, கண்ணீர்ப் புகை வீசி விரட்டியிருந்தார்கள்.

அவர் பெயர் ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல். 'ரப்பி' எனப்படும் யூத சமய குரு. 1907இல் வார்சாவில், வழிவழியாகக் குருமார்கள் தோன்றிய குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் படித்து, பழங்காலத் தீர்க்கதரிசிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். 1938இல் நாஜிகள் அவரைப் போலந்துக்கு விரட்டினர். மறு ஆண்டு, போர் வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் லண்டனுக்குத் தப்பினார். தாயாரும் சகோதரிகளில் மூவரும் தப்பவில்லை.

அமெரிக்கா சென்ற ஹெஷல், நியூயார்க்கில் ரப்பிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் இறுதிவரை ஆசிரியராக இருந்தார். அங்கே தல்மூத் ஆராய்ச்சிக்குத்தான் தனி மதிப்பு. நீதிநெறியும் இறையனுபவமும் போதித்த இவருக்கு இரண்டாம் இடமே! ஆனால் வெளியுலகம் அவர் நூல்களை விரும்பிப் படித்தது. 1951இல் ஓய்வு நாளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் அச்சில் உள்ளது.

பிறகு அந்தப் பழைய ஆராய்ச்சியையே விரித்து ஆங்கிலத்தில் எழுதினார். 1962இல் நூல் வெளிவந்தது. ஏழைக்கு அநீதி நேர்ந்தால் அரசனையே எதிர்த்துப் பேசியவர்கள் அத்தீர்க்கதரிசிகள். அவர்களைப் பற்றி எழுதிவிட்டு அறைக்குள் அடைந்து கிடப்பது எப்படி? அந்த ஆராய்ச்சியே தம்மை வெளியே இழுத்து வந்ததாக அவர் சொன்னார். செல்மாவில் நடந்தபோது தம் கால்கள் தொழுததாக உணர்ந்தார்.

அதோடு நிற்கவில்லை. வியட்நாம் போரை எதிர்த்தார். குடியேறி வந்த நாட்டின் அரசாங்கத்தைப் பகைக்கலாமா என்று சொந்த சமூகத்திலேயே சிலர் முணுமுணுத்தனர். அவர் கேட்டால்தானே! 1967இல் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் கிங் அப்போரைக் கண்டித்துப் பேசியபோது அதே மேடையில் ஹெஷலும் பேசினார்.

1968 ஏப்ரலில் பாஸ்கா பண்டிகை விருந்துக்குக் கிங் தம்பதியர் ஹெஷல் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, 4ஆம் தேதி, கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஹெஷல் 1972 டிசம்பர் 23ஆம் நாள் காலமானார். அன்று சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வு நாள்.