எடை குறைக்கும் ஆப்பரேஷனுக்கு முன்னால்

ஃபேரர் பார்க் ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சுருக்கும் ஆப்பரேஷன் செய்கிறார்களாமே, போனால் உடனே முடியுமா என்று கேட்கிறீர்கள். தோழர்களே, போனதும் படுத்துக்கொள்கிற காரியமல்ல அது.

சுமார் 2 வாரம் முன்பே சோறு, ரொட்டியை நிறுத்தி, டாக்டர் சொல்லும் பால் கஞ்சி மாதிரியான ஆகாரத்தில் இருக்கவேண்டும். ஏனென்றால் இரைப்பைக்கு மேலே ஈரல் கவிந்திருக்கிறது. கொழுப்பேறிய ஈரல் சுருங்கினால்தான் ஆப்பரேஷனுக்கு வழி கிடைக்கும். அந்த நாட்களில் இனிப்புநீர்க்காரர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மாத்திரை அளவை முன்னமே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். சிகரெட்டை அதற்கும் முன்பே விட்டுவிட வேண்டும்.

மனோதத்துவ டாக்டரிடமும் அனுப்புவார்கள். பைத்தியம் என்றா அனுப்புகிறார்கள்? இல்லை. கவலையில் சாப்பிட்டுப் பழகியவர், பிறகு சாப்பிட முடியாமல் தண்ணிப் பக்கம் சாய்வதுண்டு. அப்போது கொஞ்சம் குடித்தாலே தலைக்கேறும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். சமைக்கிறவரையும் கூட்டிப் போங்கள்.