கேட் பாஸ் போதாது... கடிதம் எங்கே?

திருவொற்றியூர் டி.எச். ரோட்டில் காலை ஷிஃப்ட்டுக்குப் போகிற கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, "எங்கே வேலை?" என்று கேட்டால், கம்பெனி பெயர் சட்டென்று வரும். "வேலையில் சேர்ந்ததற்கு ஆர்டர் இருக்கா?" என்று கேட்டால்தான் இழுப்பார்கள். காரணம், பலரின் கையில் இருப்பது ஒரு கேட் பாஸ் மட்டும். அதிலும் கம்பெனிக்குப் பதில் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். பேங்கில் லோன் கேட்கும்போதோ, வேலையில் கை நசுங்கி நஷ்டஈடு கேட்கும்போதோதான் அந்த ஒரு தாளின் அருமை தெரியும்.

2025 நவம்பர் 21 அன்று நாடு முழுவதும் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய மத்திய சட்டங்களின் இடத்தை இந்த நான்கும் பிடித்துக்கொண்டன. அவற்றில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை முதலில் கவனிக்க வேண்டியது, பணிநியமனக் கடிதம் கட்டாயம் என்ற விதி. பத்துப் பேர் வேலை செய்யும் இடமாக இருந்தாலே அது பொருந்தும். சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுகத்துக்கும் அதை ஒட்டிய இடங்களுக்கும் அந்தப் பத்துப் பேர் கணக்குகூடக் கிடையாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குக் கடிதம் தர மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவருக்குக் கான்ட்ராக்டர்தான் முதலாளி. கடிதம் தர வேண்டியது அவர். கேட்டால் அனுபவச் சான்றிதழும் தர வேண்டும். அவர் சம்பளத்தைக் கொடுக்காமல் கைவிரித்தால், வேலை வாங்கிய கம்பெனி கொடுத்தாக வேண்டும்.

சம்பளச் சீட்டில் என்ன மாறும்?

வீட்டில் சண்டை வரக்கூடிய விஷயம் இதுதான். பேசிக்கைக் குறைத்து, அலவன்ஸைக் கூட்டிக் காட்டுவது பழைய வழக்கம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பேசிக்கை வைத்துக் கணக்கிடப்படுவதால் முதலாளிக்கு அதில் மிச்சம். இனி அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் 'ஊதியம்' என்றே சேரும்.

மாதம் 24,000 ரூபாய் வாங்கும் வெல்டரை எடுத்துக்கொள்வோம். பேசிக்கும் பஞ்சப்படியும் 8,000, மீதி அலவன்ஸ் என்றால், இனி அவர் ஊதியம் 12,000. பத்து வருடம் கழித்து விலகினால், 8,000 கணக்கில் கிராஜுவிட்டி சுமார் 46,000 ரூபாய். 12,000 கணக்கில் சுமார் 69,000. ஆனால் இதுவரை 8,000-க்கு மட்டும் பி.எஃப். பிடித்திருந்தால், அவர் பங்காக மாதம் 480 ரூபாய் கூடுதலாகப் பிடிபடும். கைக்கு வருவது குறைந்ததைப் பார்த்து வீட்டில் கேள்வி எழும். அதே 480-ஐ முதலாளியும் போடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

'ஒரு வருஷம் வேலை பார்த்தாலே எல்லாருக்கும் கிராஜுவிட்டி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. இத்தனை காலத்துக்கு என்று எழுதி, நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குத்தான் அது. மற்றவர்களுக்கு ஐந்து வருடக் கணக்கே தொடர்கிறது.

பட்டறைக்காரர் பக்கம்

பதினைந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவருக்கு இதில் நிம்மதியும் உண்டு. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் முன்பு பத்துப் பேர் இருந்தாலே 'தொழிற்சாலை', இப்போது இருபது. பல பதிவேடுகளும் ரிட்டர்ன்களும் குறைகின்றன. அதே எண் மாற்றம் தொழிலாளிக்கு வேறு மாதிரி தெரிகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளர் விதிகள் 1970 சட்டத்தில் இருபது பேரில் தொடங்கின; இப்போது ஐம்பதில். ஆலையை மூடவோ ஆட்களைக் குறைக்கவோ அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100-லிருந்து 300 ஆகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொழிற்சங்கங்கள் கோபப்படுவது காரணமில்லாமல் இல்லை.

மறைந்துபோன 29 சட்டங்களில் ஒன்று வடசென்னைக்கு நெருக்கமானது. 1918-ல் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் கூட நின்றார். தொழிலாளர்களைத் தூண்டியதாக ஆலை நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றம் போய், வாடியாவுக்கு எதிராகத் தடை வாங்கியது. சங்கம் நடத்துவதே வழக்குக்குரிய குற்றமா என்ற அதிர்ச்சியில் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் கொடுக்க, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. அது தந்த பாதுகாப்பு மட்டும் புதிய தொகுப்பில் சில பிரிவுகளாக இடம் மாறியிருக்கிறது.

பழைய ஆட்களுக்குக் கடிதம் தருவதற்கான கெடு 2026 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இன்னும் வராதவர்கள் எழுத்தில் கேட்கலாம். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கடிதத்தில் சேர்ந்த தேதியையும் சம்பளத்தையும் முதலில் பாருங்கள். பத்து வருட ஆளுக்கு இந்த வருடத் தேதி போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கேட் பாஸ், இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட் பாஸைப் புதுப்பிக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். போட்டோவை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.