கான்டெஸாவுக்கு முதலில் வெல்டிங்

கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த கான்டெஸாவுக்கு உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால். பின்னாளில் பொருத்திய 1.8 லிட்டர் எஞ்சின் ஜப்பானின் இசுஸு. வீட்டிலேயே இதைப் புதுப்பிக்க ஆசைப்படுபவரின் கை முதலில் எஞ்சினுக்குத்தான் போகும். அது வீண் வேலை. தனிச் சேஸிஸ் இல்லாத இந்த வண்டியில் பாரத்தைத் தாங்குவதே உடலின் தகடுதான். ஹூக்ளி ஆற்றங்கரை ஈரத்தில் தரைத்தகடு இற்றுப்போனால் புது எஞ்சினை எதில் பூட்டுவது? எஞ்சின் பாகம் கிடைப்பதல்லவா கஷ்டம் என்று கேட்கலாம். இசுஸு எஞ்சின் அம்பாசடரிலும் ஓடியது. கொல்கத்தாவின் பழைய வாகனப் பாகச் சந்தையான மல்லிக் பஜாரில் தேடிப் பார்க்க வழியுண்டு. துருவேறிய தகட்டையோ வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைக்கத்தான் வேண்டும். செலவு கட்டாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். விண்டேஜ் தகுதியை நம்பியும் இறங்க முடியாது: 50 வயதானால்தான் சட்டப்படி விண்டேஜ். முதல் கான்டெஸாவுக்கே அது 2034. அதுவரை 15 ஆண்டு கடந்த எந்தக் காரையும்போல இதுவும் தகுதிச் சோதனைக்குப் போய்த்தான் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும்.