காட்ரீனா புயலும் இரவல் போன படையும்

புயலோ வெள்ளமோ நேருங்கால் அரசாங்கம் உடனே துருப்புகளை அனுப்பிக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை எல்லா நாட்டு ஜனங்களிடையேயும் இருந்து வருகிறது. அது தவறான நம்பிக்கையன்று. லாரி, படகு, ஹெலிகாப்டர், வயர்லெஸ் கருவி, கட்டுப்பாடு மிக்க ஆட்கள் ஆகிய யாவும் ஒருங்கே சேர்ந்திருப்பது ராணுவத்திடமே. ஆனால் அத்துருப்புகளும் லாரிகளும் அச்சமயத்தில் வேறொரு தேசத்து யுத்தத்திற்குப் போயிருந்தால் என்ன ஆகும்? உலகிலேயே பெரிய ராணுவ பலம் படைத்த ஐக்கிய அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டில் இக்கேள்வி எழுந்தது. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம். சேமநிதியையும் கிடங்கு இருப்பையும் ஆண்டுதோறும் சரிபார்த்துப் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இது அந்நியமான விஷயமாகத் தோன்றாது.

2005 ஆகஸ்டு 29-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் காட்ரீனா என்னும் புயல் லூசியானா மாநிலத்தில் கரையேறிற்று. பக்கத்து மாநிலமாகிய மிஸ்ஸிசிப்பியின் கரையோர ஊர்களில் கடல் நீர் சிற்சில இடங்களில் 27 அடிக்கு மேல் உயர்ந்து வீடுகளை அடித்தளத்தோடு வாரிச் சென்றது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கதி வேறு விதமானது. அந்நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்குத் தாழ்வாக உள்ளது. சுற்றிலும் எழுப்பிய கரைகளும் சுவர்களுமே அதற்குக் காப்பு. அவை பல இடங்களில் உடைந்து, நகரில் நூற்றுக்கு 80 பாகம் நீரில் மூழ்கிற்று. அக்கரைகளை அமைத்ததும் ராணுவத்தின் பொறியியல் பிரிவே. அமைப்பிலேயே குறைபாடு இருந்ததை அப்பிரிவு 2006-ல் ஒப்புக்கொண்டது. மாண்டவர் தொகை 1,800-க்கு மேல் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது; 2023-ல் அந்நாட்டுப் புயல் ஆராய்ச்சி நிலையம் மறுபடி ஆராய்ந்து அதனை 1,392 எனத் திருத்தியது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் ‘நேஷனல் கார்டு’ எனப்படும் தேசியக் காவற்படை ஒன்று உண்டு. அதில் சேர்ந்திருப்போரிற் பெரும்பாலோர் முழுநேரச் சிப்பாய்கள் அல்லர். குடியானவர், ஆசிரியர், மெக்கானிக், கடைச் சிப்பந்தி போன்றோர் மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரு வாரமும் பயிற்சி பெற்று வருவர். சாதாரண காலத்தில் இப்படை மாநிலக் கவர்னரின் உத்தரவுக்கு உட்பட்டது. மத்திய அரசாங்கத்தின் முழுநேரச் சேனை உள்நாட்டில் போலீஸ் வேலை பார்ப்பதை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. கவர்னரின் கீழுள்ள காவற்படைக்கு அத்தடை இல்லை. ஆகவே, இயற்கை விபத்து நேருங்கால் முதன்முதலில் இறங்க வேண்டியது இப்படையே. எனினும், யுத்த காலத்தில் மத்திய அரசாங்கம் இதனைத் தன் வசம் எடுத்து வெளிநாட்டிற்கு அனுப்பலாம். ஒரே படைக்கு எஜமானர் இருவர், வேலையும் இரண்டு.

ஈராக் யுத்தம் 2003-ல் தொடங்கி நீண்டுகொண்டே போயிற்று. காட்ரீனா வீசிய நாளில் லூசியானாவின் 256-ஆவது பிரிகேடும் மிஸ்ஸிசிப்பியின் 155-ஆவது பிரிகேடும் ஈராக்கில் இருந்தன. லூசியானா காவற்படையில் நூற்றுக்கு 35 பேர் வீதமும், மிஸ்ஸிசிப்பியில் 40 பேர் வீதமும் அங்கே போயிருந்தனர். தம் சொந்த வீடு மூழ்கிய செய்தியைப் பாலைவனத்திலிருந்து தொலைக்காட்சியில் கண்ட சிப்பாய்களும் அவர்களுள் இருந்தனர்.

நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஊரில் இருந்தார்களே, அது போதாதா என்று கேட்கலாம். தலைக்கணக்குப் பார்த்தால் போதும் போலவே தோன்றும். பண்டக்கணக்குப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். யுத்தத்திற்குப் போகும் பிரிவுகளுக்குக் குறைந்த லாரி, வயர்லெஸ் முதலியவற்றை ஊரில் நிற்கும் பிரிவுகளிலிருந்து எடுத்துக் கொடுத்து வந்தார்கள். ஒரு தறியிலிருந்து அச்சையும், மற்றொன்றிலிருந்து விழுதையும், இன்னொன்றிலிருந்து நாடாவையும் எடுத்துப் புதுத்தறி ஒன்றைப் பூட்டினால், ஓடுகிற தறி ஒன்று, நின்றுபோகும் தறி மூன்று என்பதை நம் நெசவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை வரையில் இவ்வாறு 1,01,000 உருப்படிகளுக்கு மேல் இடம் மாறின என்று அந்நாட்டுப் பார்லிமெண்டின் தணிக்கை அலுவலகம் அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. வெளிநாடு செல்லாமல் தேசமெங்கும் தங்கியிருந்த தரைப்படைக் காவற்பிரிவுகளிடம், யுத்தத்திற்கு இன்றியமையாதவை என்று குறிக்கப்பட்ட சாதனங்களில் நூற்றுக்கு 34 பங்கே இருந்தன. போனவர்கள் திரும்பியபோதும் சாதனங்கள் திரும்பவில்லை; அடுத்து வருவோருக்காக அங்கேயே விடப்பட்டன. இப்படி விடப்பட்டவை 64,000 உருப்படிகளுக்கு மேல். மதிப்பு 120 கோடி டாலருக்கு அதிகம். இவற்றிற் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சரியான கணக்கு இல்லை என்றும், எடுத்ததற்கு ஈடு செய்யும் திட்டம் வகுக்கப்படவில்லை என்றும் தணிக்கையாளர் எழுதினர். ஈடு செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் இருந்தது! இரவல் கொடுத்ததைப் பேரேட்டில் குறிக்காமல் விட்ட பண்டகசாலை எதனையும் நம் தணிக்கையாளர் சும்மா விடுவாரா?

இதன் மேல் ஒரு விபரீதமும் சேர்ந்துகொண்டது. லூசியானா காவற்படையின் தலைமையிடமாகிய ஜாக்ஸன் பாரக்ஸ், நியூ ஆர்லியன்ஸின் தாழ்ந்த பகுதியில் இருந்தது. உடைப்பு நீர் அதனுள்ளும் புகுந்தது. வாகனங்கள் மூழ்கின, தகவல் தொடர்பு அறுந்தது. பிறரைக் காக்க நின்ற சிப்பாய்கள் முதலில் தம்மையே காத்துக்கொள்ள நேர்ந்து, பின்னர் சூப்பர்டோம் என்னும் விளையாட்டு மண்டபத்தைத் தலைமையிடமாக்கிக் கொண்டனர். அம்மண்டபத்திலும் அருகிலிருந்த மாநாட்டு மண்டபத்திலும் பல்லாயிரம் ஜனங்கள் உணவும் குடிநீரும் கழிப்பிட வசதியும் போதாமல் பஸ்களுக்காகக் காத்துக் கிடந்தனர். எல்லோரையும் வெளியேற்றி முடியச் செப்டம்பர் 4-ஆம் தேதி வாக்கில் ஆயிற்று.

பழி முழுவதையும் ஈராக் யுத்தத்தின் மேல் சுமத்துவது நியாயமாகாது. இரு பிரிகேடுகளும் ஊரில் இல்லாமையால் அதிகம் போனால் ஒரு நாள் தாமதம் ஏற்பட்டிருக்கலாம் என்றே காவற்படைப் பணியகத்தின் தலைவர் ஸ்டீவன் ப்ளம் அப்போது கூறினார். உண்மையாயிருக்கலாம். ஆனால் கூரையின் மேல் குழந்தையோடு நிற்பவளுக்கு ஒரு நாள் என்பது சிறு அளவன்று என்பது நம் கருத்து. பிற குற்றங்களும் பல. அவசர நிலை நிர்வாகத்திற்கென இருந்த மத்திய ஸ்தாபனம் 2003-ல் புதிய உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவுக்குள் சேர்க்கப்பட்டு வலுக்குன்றியிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கினால் என்ன செய்வது என்று 2004 ஜூலையில் ஒத்திகையே நடத்தியிருந்தும், அதன்படி வேலைகள் நிறைவேறவில்லை. அந்த ஸ்தாபனத்தின் தலைவர் மைக்கேல் பிரௌன் செப்டம்பர் 12-ஆம் தேதி ராஜினாமாச் செய்தார். துருப்புகளுக்கு யார் தலைமை வகிப்பது என்பதில் கவர்னர் காத்லீன் பிளாங்கோவுக்கும் வெள்ளை மாளிகைக்கும் உடன்பாடு ஏற்படாமல் நாட்கள் கழிந்தன. நீரில் தத்தளித்தோருக்கு இந்த வழக்கினால் ஆன பயன் ஒன்றுமில்லை.

இவற்றினிடையே நல்ல விதமாக நடந்தவையும் உண்டு. கடலோரக் காவற்படை உத்தரவுக்குக் காத்திராமல் இறங்கி 33,000-க்கு மேற்பட்டோரை மீட்டது. மற்ற மாநிலங்களின் காவற்படையினர் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தின்படி வந்து சேர்ந்தனர். 1992-ல் வீசிய ஆண்ட்ரூ புயலுக்குப் பின்னர் தென் மாநிலக் கவர்னர்கள் தொடங்கி, 1996-ல் பார்லிமெண்டின் சம்மதம் பெற்ற ஒப்பந்தம் அது. யார் அனுப்புவது, செலவு யாருடையது, அடிபட்டால் ஈட்டுத்தொகை யார் கொடுப்பது என்பனவெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. ஐக்கிய முறையை மாநிலங்களே கைக்கொண்டது போன்ற ஏற்பாடு என்று இதனைச் சொல்லலாம். சில வாரங்களில் ஏறக்குறைய 50,000 காவற்படையினரும், ஜெனரல் ரஸ்ஸல் ஹானரேயின் தலைமையில் 20,000 அளவில் மத்திய சேனையினரும் அங்கு குவிந்தனர். மிஸ்ஸிசிப்பிக் கிராமங்களுக்கு விளக்கு தரும் மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களின் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, பிற மாநிலத்துச் சகோதரச் சங்கங்கள் தம் தொழிலாளரை லாரிகளோடு அனுப்பிவைத்தன. நம் நாட்டு விமானப் படையின் விமானம் ஒன்றும் 25 டன் நிவாரணப் பொருள்களோடு அர்க்கன்ஸாஸ் மாநிலத்து லிட்டில் ராக்கில் இறங்கிற்று. எட்டு மாதங்களுக்கு முன்புதான் சுனாமியால் அடிபட்டிருந்த இலங்கையும் 25,000 டாலர் கொடுத்தது.

ஆட்கள் இவ்வளவு பேர் வந்தபின்னர் குறை என்ன என்றால், வெளியூரார் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். முதல் மூன்று நாட்களின் வேலையை அவர்கள் செய்ய இயலாது. எந்தத் தெரு எவ்வளவு தாழ்வு என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து இதே பேச்சு மீண்டும் கிளம்பிற்று. 2007 மே 4-ஆம் தேதி இரவில் கான்ஸாஸ் மாநிலத்துக் கிரீன்ஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சூறாவளி தாக்கி, ஏறக்குறைய ஊர் முழுவதையும் தரைமட்டமாக்கியது. கோதுமை விளையும் பிரதேசம் அது. உயர்ந்த தானியக் களஞ்சியம் போன்ற சிலவே நின்றன. லாரிகளும் மண் வாரும் யந்திரங்களும் ஈராக்கில் இருப்பதால் தம் காவற்படையின் கை தளர்ந்திருக்கிறது என்று கவர்னர் காத்லீன் செபீலியஸ் வெளிப்படையாகவே கூறினார். சாதனங்கள் போதிய அளவில் உண்டு என்று வெள்ளை மாளிகை மறுத்தது.

பின்னர் செய்யப்பட்ட மாறுதல்களில் தலைமை பற்றியது ஒன்று. 2012-ஆம் ஆண்டுக்கான பாதுகாப்புச் சட்டம், மாநிலப் படைக்கும் மத்தியப் படைக்கும் விபத்துக் காலத்தில் ஒரே அதிகாரி தலைமை வகிப்பதை வழக்கமான ஏற்பாடாக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த சான்டி புயலின்போது அது கையாளப்பட்டது. மற்றது சாதனம் பற்றியது. பாதிப் படையேனும் மாநிலத்திலேயே நிற்கும் என்று கவர்னர்களுக்கு வாக்களித்த காவற்படைப் பணியகம், தலைக்கணக்கோடு நில்லாமல், ஒவ்வொரு மாநிலத்திலும் இருந்தே தீர வேண்டிய பத்துவகைத் திறன்களுக்குப் பட்டியல் ஒன்றையும் வகுத்தது. போக்குவரத்து, தகவல் தொடர்பு, மருத்துவம், பொறியியல், விமானம், பழுதுபார்த்தல் முதலியன அதில் அடங்கும். எத்தனை பிரிவுகள் கடல் கடந்து சென்றாலும் இப்பத்தில் ஒன்றும் ஊரில் அற்றுப்போகலாகாது என்பது ஏற்பாடு.