நீலத்துக்கு அப்பால் – 14: கூப்பிட்டால் கேட்க ஒரு காது

2016 ஜூலை 22, காலை எட்டரை மணி. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானத்தில் 29 பேர் இருந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் அது ரேடாரிலிருந்து மறைந்தது. எந்த அலைவரிசையிலும் ஓர் அபாய அழைப்பு வரவில்லை. கப்பலும் விமானமும் நீர்மூழ்கியுமாக வங்கக்கடலைச் சலித்துப் பார்த்தும் பயனில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பது தெரியவந்தது. கண்டுபிடித்தது, பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இறக்கிய ஆளில்லா நீர்மூழ்கி.

தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறுகிறவர் கேம்ப் ரோட்டையும் பள்ளிக்கரணை நிறுவனத்தின் வாசலையும் ஒரே டிக்கெட்டில் கடந்துவிடுவார். விமானம் கிளம்பிய இடத்துக்கும் விடை கிடைத்த இடத்துக்கும் நடுவே பதில் தெரியாமல் கழிந்தவை ஏழரை ஆண்டுகள். கடலில் தொடர்பு அற்றுப்போவது என்றால் அதுதான்.

விமானத்திலும் கப்பலிலும் வைக்கிற அவசரகாலக் கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளைக் கூப்பிடுகின்றன. அந்த அலை உப்புத்தண்ணீருக்குள்ளிருந்து மேலே வராது. கருவி தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் அதற்கு வாய் உண்டு. சென்ற வாரம் குடிதண்ணீரையும் சமையலையும் பார்த்தோம். இந்த வாரம் பேச்சு: பாய்ப்படகில் நடுக்கடலுக்குப் போகிறவர் எந்தக் கருவியை வாங்குவது, எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுவது?

கரை மறைந்த பிறகு

சென்னைப் பாய்ப்படகுக்காரர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தை ஒட்டியும் கரையோரமாகவும் ஓட்டுபவர்கள். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் மரபும் அதுவே. கட்டடங்கள் கண்ணில் படும்வரை கைப்பேசி போதும். அதைத் தாண்டினால் வி.எச்.எஃப் வயர்லெஸ். 16-ஆம் சேனலில் கூப்பிட்டால் ஏறக்குறைய இருபது கடல் மைல் சுற்றளவில் போகும் கப்பல்களுக்குக் கேட்கும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர், அதாவது 640 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடும் படகுக்கு ஐந்தேகால் நாள். முதல் நாள் மாலையே கரையோடு பேச்சு முடிந்துவிடும். மிச்சம் நாலு நாளுக்கு மேலே பார்த்துப் பேசுவதுதான் வழி.

இந்த ஆசை உள்ள மேடவாக்கம், சோழிங்கநல்லூர் ஐ.டி. இளைஞர்கள் முதலில் கேட்பது, “இணையம் எவ்வளவு வேகம் கிடைக்கும்?” என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கடலில் செயற்கைக்கோளுக்கு மூன்று வேலைகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் கரையை எழுப்புவது முதலாவது. நாளைய காற்றைத் தெரிந்துகொள்வது இரண்டாவது. வீட்டோடு பேசுவதும் படம் அனுப்புவதும் மூன்றாவது. இந்த வரிசையிலேயே வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே கருவியிலோ ஒரே மின்கலத்திலோ தொங்கவிடக் கூடாது.

மூன்றில் எது கையில் இருந்தது?

இதற்கு அபிலாஷ் டோமியின் கதையை விட நல்ல பாடம் வேண்டியதில்லை. 2013-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர், அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த இவர். 2018-இல் கோல்டன் குளோப் போட்டியில் ‘துரியா’ என்ற படகில் கலந்துகொண்டார். அது 1968-ஆம் ஆண்டின் முறைப்படி நடக்கிற போட்டி. ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டக் கூடாது. நவீனக் கருவிகள் அவசரத்துக்கு மட்டும்.

செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் தொலைவில், புயலில் படகு உருண்டது. பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி. எழுந்து நிற்கவே முடியவில்லை. அவசரப் பையில் இருந்த சாட்டிலைட் போன் அவருக்கு உதவவில்லை. கைக்கு எட்டியது குறுஞ்செய்தி மட்டும் அனுப்பும் ஒரு சின்னக் கருவி. உருண்டது, மரம் போனது, முதுகில் காயம், எழ முடியவில்லை என்று தந்தி பாஷையில் அதில் தட்டினார். அபாய ஒலிபரப்பியும் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மொரீஷியஸிலிருந்து பறந்த இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டது. அந்த ரக விமானங்களின் தாய்த்தளம் நம் அரக்கோணம். செப்டம்பர் 24-இல் பிரான்சின் ‘ஒசிரிஸ்’ கப்பல் அவரை மீட்டது.

படகிலிருந்த கருவிகளில் பெரியது பயன்படவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் கை போன இடத்தில் இருந்தது பயன்பட்டது. கருவி வாங்கும்போது விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன், படகின் உள்ளறையில் படுத்துக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். எட்டுகிற இடத்தில்தான் அதன் கொக்கி இருக்க வேண்டும்.

முதல் செலவு: மாத வாடகை இல்லாத கருவி

‘எபெர்ப்’ என்று கடலோடிகள் சொல்லும் அபாய ஒலிபரப்பி, தண்ணீர் பாட்டில் அளவுக்கு இருக்கும். மஞ்சள் உடம்பு, மேலே மின்னும் விளக்கு, வளையும் ஆன்டெனா. இதற்குச் சந்தா இல்லை, சிம் கார்டு இல்லை. கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாட்டின் செயற்கைக்கோள்கள் இதன் குரலைக் கேட்கின்றன. நம் நாட்டில் அதை வாங்கிக்கொள்ளும் தரைநிலையங்கள் பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ளன. பெங்களூர் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து, கடலோரக் காவல்படை நடத்தும் சென்னை மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் செய்தி போகும்.

வாங்கும்போது நான்கு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, உள்ளேயே ஜி.பி.எஸ். உள்ளதா, இருந்தால் தேடும் வட்டம் சில கிலோமீட்டரிலிருந்து நூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கும். இரண்டு, படகு மூழ்கினால் தண்ணீரின் அழுத்தத்தில் தானே விடுபட்டு மேலே மிதக்கும் பூட்டு உண்டா. தொடக்கத்தில் சொன்ன உப்புத்தண்ணீர்ச் சிக்கலுக்கு இதுதான் மருந்து. மூன்று, மின்கலத்துக்கும் பூட்டுக்கும் தனித்தனியாக அச்சிட்ட காலாவதித் தேதி. நான்கு, பதிவு. இந்தியாவுக்கான 419 என்ற எண்ணோடு கருவியில் குறியேற்றி, படகின் பெயரையும் கரையில் தொடர்புகொள்ள வேண்டியவரின் எண்ணையும் பதிந்துவிட வேண்டும். பதியாத கருவி கூவினால், யாருடையது, படகில் எத்தனை பேர் என்று விசாரிப்பதிலேயே நேரம் போய்விடும்.

இந்த அக்கறை பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் உண்மையில் ஆழ்கடலோடுகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்க்காரர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அவர்களுடைய விசைப்படகுகள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. கரையில் எச்சரிக்கை இருந்தது, அதைக் கடலுக்குக் கொண்டுபோக வழி இல்லை. அதன் பின்விளைவாகத்தான் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் வந்தது. சுமார் 360 கோடி ரூபாயில் அதை 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். வேகமான இணையம் அதில் கிடையாது. சின்னச் செய்தி போகும், சின்னச் செய்தி வரும். அவர்களுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

காற்றின் கணக்கு

இரண்டாவது வேலைக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்? வங்கக்கடலைக் கடக்கிறவருக்கு வடக்கே 14 பாகை, தெற்கே 10, மேற்கே 80, கிழக்கே 93 என்ற செவ்வகம் போதும். பாகைக்கு ஒரு புள்ளி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று நாளுக்கான காற்று மட்டும் என்று மின்னஞ்சலில் கேட்டால், பதிலாக வரும் ‘கிரிப்’ கோப்பு சில கிலோபைட்டில் அடங்கும். பழைய இரிடியம் செயற்கைக்கோள் தொடர்பின் வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட், அதாவது 300 பைட். ஆறு கிலோபைட் கோப்பு இருபது நொடியில் இறங்கிவிடும். அதே தொடர்பில் 2 மெகாபைட் கனமுள்ள ஒரு வானிலைப் பக்கத்தைத் திறந்தால் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். வேறுபாடு கேட்கிற விதத்தில் இருக்கிறது. அரைப் பாகைக்கு ஒரு புள்ளி என்று ஆசைப்பட்டாலே கோப்பு மூன்றரை மடங்கு பெருத்துவிடும்.

திட்டம் தேர்வதும் இப்படித்தான். ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். நிமிடக் கணக்கா, கிலோபைட் கணக்கா என்று பாருங்கள். முன்கூட்டிக் கட்டிய பணத்துக்குக் காலாவதி உண்டா, படகு கரையில் நிற்கும் மழைக்காலத்தில் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்டார்லிங்க் போன்றவற்றில் தரைக்கு ஒரு திட்டம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் இன்னொரு விலை. போன் தானாகப் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவதையும் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் கரையிலேயே நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குக் கட்டிய டேட்டா ஒரே ராத்திரியில் காலி.

எந்த வலையமைப்பு என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. இன்மார்சாட் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிலைத்து நிற்பவை. பேச்சு போய்வர அரை நொடி ஆகும். ஆன்டெனாவை அந்தத் திசைக்கே காட்ட வேண்டும். இரிடியத்தின் 66 செயற்கைக்கோள்கள் 780 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டே இருப்பவை. துருவம்வரை கேட்கும். ஒன்று மறைந்தால் இன்னொன்று வரும். 2024 ஏப்ரலில் துரயா-3 என்ற ஒற்றைச் செயற்கைக்கோள் பழுதானபோது ஆசியா-பசிபிக் வட்டாரத்தில் அதையே நம்பியிருந்த போன்கள் ஊமையாகிவிட்டன. அதனால்தான் அபாயக் கருவியும் பேசும் கருவியும் வெவ்வேறு ஏற்பாட்டில் இருப்பது நல்லது.

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் உள்ளது 1,200 வாட்-மணி. பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. 60 வாட் இழுக்கும் இணையத் தட்டு பத்து மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். இரவில் விளக்குக்கும் தானியங்கிச் சுக்கானுக்கும் மிச்சம் இருக்காது. குறுஞ்செய்திக் கருவியோ தன் சொந்த மின்கலத்திலேயே பல நாள் ஓடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஆர்டர் போடுகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். 2008 மும்பைத் தாக்குதலில் சாட்டிலைட் போன்கள் பயன்பட்டபின் இந்தியா கெடுபிடியை இறுக்கியது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துரயா, இரிடியம் போன்களை நாட்டுக்குள்ளோ நம் கடல் எல்லைக்குள்ளோ வைத்திருப்பது குற்றம். மலையேறிகள் மாட்டிக்கொள்ளும் உள்ளங்கை அளவுக் குறுஞ்செய்திக் கருவியும் இதில் சேர்த்தி. அதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை நம் விமான நிலையங்களில் பிடித்துவைத்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. நேர்வழி, பி.எஸ்.என்.எல். வழங்கும் இன்மார்சாட் போன். அதன் தரைநிலையம் காஜியாபாத்தில். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது உண்மை. ஆனால் வீட்டு மாடியில் தட்டு வைக்க அனுமதிப்பது வேறு, படகில் ஏற்றி நடுக்கடலில் ஓட்ட அனுமதிப்பது வேறு. கடல்வழித் தொடர்புக்கென்றே 2018-இல் தனி விதிகள் உள்ளன. ஆகவே விற்பவரின் வாய்வார்த்தை போதாது. படகின் பெயரில் தாள் வேண்டும்.

கருவியும் தாளும் இருந்தால் மட்டும் போதாது, கரையில் துணையும் வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று ‘தாரிணி’ பாய்ப்படகில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29-இல் திரும்பினார்கள். எந்த நிலத்துக்கும் மிகத் தொலைவான பாயின்ட் நீமோவையும் கடந்தார்கள். அவர்கள் பின்னால் கடற்படையே இருந்தது. தனியாளுக்கு அப்படி ஒரு பின்பலம் கிடையாது. அதை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குச் செலவே இல்லை. கரையில் ஒருவரை நியமியுங்கள். சேலையூரில் இருக்கும் அக்காவாக இருக்கலாம், குரோம்பேட்டை நண்பராக இருக்கலாம். ஒரு தாளில் படகின் நிறம், நீளம், ஆட்கள், போகும் வழி, எபெர்ப் எண், கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். காலை, மாலை இருவேளை இருப்பிடம் அனுப்புவதாகச் சொல்லுங்கள். ஒரு வேளை தவறினால் காத்திருக்க வேண்டும், இரண்டு வேளை தவறினால் 1554-ஐக் கூப்பிட வேண்டும் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இந்த முடிவைக் கவலையோடு இருப்பவரின் தலையில் அன்றைக்குப் போய்ச் சுமத்தக் கூடாது. அந்தத் தாளை எழுதி முடித்த பிறகும் கையில் காசு மிச்சமிருந்தால், இணையத்தின் வேகத்தைப் பற்றித் தாராளமாக விசாரிக்கலாம்.

(தொடரும்)

அடுத்த வாரம்: இரவுக் காவல் – இருவர் மட்டும் உள்ள படகில் யார், எப்போது தூங்குவது?